பின்பாட்டும் பின்வரிசையும்

43 வயதில் ஜால்ரா தட்டக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் வேறு அர்த்தத்தில்தான் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பள்ளிப்பட்டில் எங்கள் தெரு பஜனைக் கோயில் வாசலில், மார்கழி முதல் நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் போய் நின்றேன். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் இருந்த பெரியவர், பாட வருமா, தாளம் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. பித்தளை ஜால்ராவைக் கையில் திணித்தார். “கையப் பாக்காத நைனா, என் காலப் பாரு” என்றார். சேர்க்கையும் முடிந்தது, முதல் பாடமும் முடிந்தது.

அந்த வருஷம்தான் ஆரி கோல்ட்மன் எழுதிய புத்தகமும் கைக்குக் கிடைத்தது. நியூயார்க் டைம்ஸில் செய்தியாளராக இருந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லிக்கொடுக்கப் போனவர். இருபதுகளில் செல்லோ கற்கத் தொடங்கி, வேலை, குடும்பம் என்று விட்டுவிட்டார். 60ஆவது பிறந்தநாளில் நண்பர்கள் முன்னால் வாசித்தே தீர்வது என்று மறுபடி கையில் எடுத்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம், 2007இல் தொடங்கிய நியூயார்க் லேட் ஸ்டார்ட்டர்ஸ் ஸ்டிரிங் ஆர்க்கெஸ்ட்ரா. காலம் கடந்து வில்லைப் பிடித்தவர்களுக்கென்றே ஏற்பட்டது. கிழக்கு லண்டனில் அதற்கு முன்பே இருந்த ஒரு குழுதான் முன்மாதிரி. தேர்வு கிடையாது. புத்தகம் 2014இல் வந்தது. அந்தக் குழுவின் பெயரை ஒட்டித்தான் புத்தகத்துக்கும் பெயர்.

நம் ஊர்த் திருவிழாவில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் சினிமாப் பாட்டுக் கச்சேரி. மேடையில் இருப்பவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்கள்; 43 வயதில் கற்றுக்கொள்ள வந்தேன் என்றால் ஸ்பீக்கர் பெட்டி தூக்கச் சொல்வார்கள். அதனால் கோல்ட்மனின் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எங்கள் பக்கம் ஒத்துவருவது பஜனை கோஷ்டிதான். பகலில் தறி ஓட்டுகிறவர், மளிகைக் கடைக்காரர், ரிட்டையர் ஆன வாத்தியார். யாருக்கும் இது பிழைப்பு இல்லை.

வயதானபின் கற்க வருகிறவனுக்கு முதல் தேவை, தன் தப்பு வெளியே கேட்காத ஓர் இடம். அந்த இடத்தைக் கோஷ்டிக்காரர்களும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் வேறு வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். கோஷ்டியில் ஒருவர் முன்பாட்டு எடுப்பார், மற்ற எல்லோரும் அதே அடியைத் திருப்பிப் பாடுவோம். பதினைந்து பேர் ஒரே அடியைப் பாடும்போது பதினாறாவது ஆள் வாயை மட்டும் அசைத்தாலும் குடி முழுகாது. முதல் பத்து நாள் நான் அதைத்தான் செய்தேன். ஆர்க்கெஸ்ட்ராவில் அப்படி முழுக்க ஒளிய முடியாது. அங்கே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தாள். புதியவனைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள், ஆனால் அவன் முன்னாலும் தாள் இருக்கும். ஆரம்பக்காரர்களுக்கென்று எழுதும்போது, விரலே வைக்காமல் திறந்த தந்திகளில் மட்டும் வாசிக்கிற மாதிரி ஒரு வரியைப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. நாலே சுரம். ஆனாலும் அது அவனுடைய வரி.

இதில் எது மேல் என்று கேட்டால், முதல் மாதத்துக்குக் கோஷ்டி, மூன்றாவது வருஷத்துக்கு ஆர்க்கெஸ்ட்ரா என்பேன். கோஷ்டியில் ஒருவன் இருபது வருஷம் வாயசைத்தே காலம் தள்ளிவிடலாம். திருத்த ஆள் கிடையாது. தாள் எதிரே இருந்தால் எந்த இடத்தில் தவறினோம் என்றாவது தெரியும்.

சுருதி விஷயத்தில் இன்னும் வேடிக்கை. ஆர்க்கெஸ்ட்ராவில் எல்லோரும் ஒரே ஒரு சுரத்துக்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதன் அதிர்வு வினாடிக்கு 440 என்பது 1939இல் லண்டனில் கூடிய மாநாட்டில் பேசி முடிவானது. எங்கள் கோஷ்டியில் அதை முடிவு செய்வது முன்பாட்டுக்காரரின் தொண்டை. பனியில் சளி பிடித்திருந்தால், “இன்னிக்கு ஒரு கட்டையிலயே வெச்சிக்கலாம்பா” என்பார். சளி விட்டதும் இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிடும். என்னைப் போன்றவன் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி முனகிக்கொள்ள வேண்டியதுதான்.

தாளம்தான் என்னைப் படுத்தியது. தறிக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவன் நான். நாள் முழுக்கக் காதில் விழுவது தடக் தடக், இரண்டு இரண்டாக. அந்தப் பழக்கம் தாளத்துக்குக் கைகொடுக்கும் என்று நினைத்தேன், கெடுத்ததுதான் மிச்சம். திருப்புகழ் ஒவ்வொன்றும் தன் சந்தத்தைத் தானே கொண்டுவரும். தக தகிட என்று ஐந்தாக ஒன்று, தகிட தகதிமி என்று ஏழாக இன்னொன்று. ஐந்தில் போகும் பாட்டில் என் கை ஆறாவதாக ஒன்று தட்டிவிட்டு நிற்கும். ஜால்ராவின் சத்தமோ தெரு முனைவரை போகும். வாயசைத்து ஏமாற்றலாம், ஜால்ராவை அசைத்து ஏமாற்ற முடியாது. பெரியவர் அதை ஏன் முதல் நாளே என் கையில் கொடுத்தார் என்பது புரியவே ஒரு மாதம் ஆனது. செல்லோக்காரருக்குத் தாள் செய்ததை எனக்குப் பித்தளை செய்தது.

எங்கள் கோஷ்டிக்குப் பெரிய மேடை திருத்தணி. டிசம்பர் 31 இரவு திருப்படித் திருவிழா. மலைக்கு 365 படி, வருஷத்து நாள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பாடிக்கொண்டே ஏற வேண்டும். 1917இல் இதைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைமாரைப் பார்க்க மாலையும் எலுமிச்சம்பழமுமாக ஓடியவர்களை, துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனிடம் திருப்பிவிட்டார். அவரே தாமதமாக வந்தவர்தான். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை; வயிற்று வலி தாங்காமல் பழனிக்குப் போன இடத்தில் திருப்புகழ் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான், நாற்பதை நெருங்கும் வயதில், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். கோல்ட்மனாவது இருபதுகளில் கொஞ்சம் வாசித்து வைத்திருந்தார்.

தப்பை ஒளிக்கவே முயலாத குழுவும் உண்டு. எடின்பரோவில் 1995இல் தொடங்கிய ‘ரியலி டெரிபிள் ஆர்க்கெஸ்ட்ரா’, படுமோசமாக வாசிப்போம் என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறது. நாவலாசிரியர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் அதில் பசூன் ஊதுகிறார். கேட்க வருபவர்களுக்குக் கச்சேரிக்கு முன்பே ஒயின் ஊற்றிக் கொடுத்துவிடுவார்களாம். எங்கள் பக்கம் பாடி முடித்தபின்தான் வெண்பொங்கல். எங்கள் வழக்கத்தில் கேட்பவர்கள் பாதியில் எழுந்து போகாமல் இருப்பது நிச்சயம்.

கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. நான் அந்தத் தெருக்காரன். கேட்க வேண்டிய கேள்விக்கு நான் பிறந்தபோதே பதில் கிடைத்துவிட்டது. பஜனைக் கோயில் என்பது பல ஊர்களில் ஒரு தெருவின் சொத்து, தெரு என்பது பல ஊர்களில் ஒரு சாதி. எங்கள் கோஷ்டியில் பெண்களும் கிடையாது. அவர்கள் கோலம் போட்டு, ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்பவர்கள். நியூயார்க்கில் வாத்தியம் வாங்கக் காசும் ஒழிந்த நேரமும் இருந்தால் யாரும் போய் உட்காரலாம். அந்தக் காசும் நேரமும் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்பது வேறு விஷயம். ஆனால் பிறந்த தெருவை அங்கே கேட்பதில்லை. நம் பக்கத்திலும் வேறு வழி இருந்திருக்கிறது. ஏ. எஸ். ராகவன் டெல்லியில் தொடங்கிய திருப்புகழ் அன்பர்கள் வகுப்புகளில் ஆபீஸ் போகிறவர்களும் குடும்பத் தலைவிகளும் சேர்ந்து உட்கார்ந்து கற்றார்கள். பாட்டுக்குப் பாட்டு ராகமும் தாளமும் வரையறுத்து வைத்திருந்தார். கோஷ்டியின் ஒரே குரலும் ஆர்க்கெஸ்ட்ராவின் ஒழுங்கும் அங்கே ஒன்றாக இருந்தன. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

சென்ற மார்கழியில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். படுத்தபடியே கேட்டேன், பாட்டு எங்கேயும் தடுமாறவில்லை. பதினாறாவது ஆள் இல்லாதது பாட்டில் தெரியவே இல்லை. நாலு சுரமானாலும் செல்லோக்காரர் வராத அன்று அந்த இடம் காலியாகக் கேட்கும் என்று நினைத்துப் பொறாமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் விடியலில் கோஷ்டி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பாட்டு முடிந்த பிறகும் நகரவில்லை. விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று போர்வையோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஜால்ரா உன் வீட்லயே இருக்குது நைனா” என்றார்.