பத்து பக்கத்துக்கு மேல் அச்சிடக் கூடாது

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட புத்தகம் எதுவும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தலைப்புப் பக்கத்தை அடுத்து, விலை போட்டிருக்கும் இடத்துக்கு அருகில், இந்திய அரசு சலுகை விலையில் கொடுத்த தாளில் அச்சானது என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டி நேராகப் பாடத்துக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய்க்கு ரேஷன் இருந்தது நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். காகிதத்துக்கும் அப்படி ஒன்று இருந்தது. யாருக்கு எவ்வளவு காகிதம் என்று டெல்லியில் முடிவு செய்தார்கள். ஒரு கட்டத்தில், நாளிதழுக்கு எத்தனை பக்கம் இருக்கலாம் என்பதையும் அங்கேயே முடிவு செய்தார்கள்.

இது யுத்த காலத்தில் தொடங்கியது. அப்போது நம் நாட்டில் நியூஸ்பிரிண்ட் ஆலை கிடையாது. பத்திரிகை அச்சடிக்கும் காகிதம் கப்பலில்தான் வர வேண்டும். 1940-ல் நார்வே ஜெர்மனியின் பிடிக்குள் போனதும் அந்தப் பக்கத்து வரத்து நின்றது. மற்ற இடங்களிலிருந்து கொண்டுவரக் கப்பலில் இடமில்லை. உள்ளூர் ஆலைகள் எழுதவும் புத்தகம் அச்சிடவும் ஆன தாளைச் செய்தன. 1942-ன் கடைசியில் அதில் 90 சதவீதத்தை அரசு தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. மிச்சம் 10 சதவீதத்தில் பள்ளிக்கூடம், பதிப்பாளர், வியாபாரி, கடிதம் எழுதுகிறவர் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கூக்குரல் எழுந்த பிறகு 90 என்பது 70 ஆனது.

அதே 1942 நவம்பரில்தான் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கினார். காகிதமே இல்லாத காலத்தில் ஒரு நாளிதழ்! வைக்கோலைக் கூழாக்கி, கையாலேயே காகிதம் செய்து அதில் அச்சடித்தார் என்பது அந்தப் பத்திரிகையின் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படுகிற செய்தி. வைக்கோல் காகிதம் எப்படி இருந்திருக்கும், மை எப்படி ஊறியிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

யுத்தம் முடிந்தது. கட்டுப்பாடு முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு காரணம் மட்டும் மாறியது. முன்பு கப்பல் இல்லை, இப்போது டாலர் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் நேபா ஆலையை 1956-ல் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆனால் வளர்ந்துகொண்டிருந்த பத்திரிகைகளின் பசிக்கு அது போதவில்லை. 1955-ல் வந்த அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின் அன்றைய பட்டியலில் உணவுப் பொருள், நிலக்கரி, இரும்பு ஆகியவற்றோடு காகிதமும், நியூஸ்பிரிண்ட் என்று பெயர் சொல்லியே, இருந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1962-ல் நியூஸ்பிரிண்ட் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. இறக்குமதி அரசு வணிகக் கழகத்தின் வழியாக. ஒரு பத்திரிகை எத்தனை பிரதி விற்கிறது, எத்தனை பக்கம், தாளின் அளவு என்ன என்று கணக்குப் போட்டு கோட்டா கொடுப்பார்கள்.

இப்படி ஒரு கணக்கு இருந்தால் என்ன நடக்கும் என்று ரேஷன் கடை பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விற்பனையைக் கூட்டிக் காட்டி, கோட்டா வாங்கி, மிச்சத்தைக் கள்ளச் சந்தையில் தள்ளிய பத்திரிகைகள் இருந்தன. காகிதம் வாங்குவதற்காகவே பேருக்கு நடந்த பத்திரிகைகளும் இருந்தன. நேர்மையாகக் கணக்குக் காட்டியவர் தாளுக்கு அலைந்தார்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். பற்றாக்குறை உண்மை. பங்கிட்டுக் கொடுக்க வேண்டியதும் உண்மை. ஆனால் பங்கிடுகிறவர் அத்தோடு நிற்கவில்லை. கொடுத்த காகிதத்தில் நீ என்ன செய்யலாம் என்றும் சொல்லத் தொடங்கினார்.

முதல் வழக்கு 'சகால்' என்ற மராத்தி நாளிதழுடையது. புனேயிலிருந்து வருவது. 1956-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது; அதன் கீழ் 1960-ல் ஓர் உத்தரவு வந்தது. இன்ன விலைக்கு இத்தனை பக்கம்தான் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். சகால் அப்போது வாரத்துக்கு ஆறு இதழ்களில் மொத்தம் 34 பக்கம் கொடுத்தது. விலை 7 நயா பைசா. உத்தரவின்படி அந்த விலைக்கு 24 பக்கம்தான். 34 வேண்டுமானால் 8 நயா பைசாவாக ஏற்ற வேண்டும்.

ஒரு நயா பைசாவுக்கா உச்ச நீதிமன்றம் போனார்கள் என்று சிரிக்காதீர்கள். விலை ஏறினால் வாசகர் குறைவார்கள். பக்கத்தைக் குறைத்தால் செய்தியும் கட்டுரையும் குறையும். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பத்திரிகையின் குரல் சிறுத்துப்போகும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பத்திரிகையோடு சேர்ந்து இரண்டு வாசகர்களும் மனுப் போட்டிருந்தார்கள் என்பது. எனக்கு வரவேண்டிய பக்கத்தைக் குறைக்க நீ யார் என்று ஒரு வாசகர் அரசைக் கேட்கிறார்!

அரசு சொன்ன காரணமும் லேசானதல்ல. பணக்காரப் பத்திரிகைகள் குறைந்த விலைக்கு நிறையப் பக்கம் கொடுத்து, சின்னப் பத்திரிகைகளை நசுக்குகின்றன, அவற்றைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். 1961 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. நீதிபதி முதோல்கர் எழுதியது. வியாபாரம் செய்யும் உரிமையைப் பொதுநலன் கருதிக் கட்டுப்படுத்த அரசியலமைப்பில் இடம் உண்டு. பேச்சுரிமைக்கு அப்படி இல்லை. அதைக் கட்டுப்படுத்தக் கூடிய காரணங்கள் 19(2)-ல் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன, பொதுநலன் என்ற பொதுவான சொல் அந்தப் பட்டியலில் இல்லை. பத்திரிகை வியாபாரமும்தான், ஆனால் அதைக் காரணம் காட்டி அதன் பேச்சைக் குறுக்க முடியாது. உத்தரவு போயிற்று, அதற்கு ஆதாரமான பிரிவும் போயிற்று.

அரசு விட்டுவிடவில்லை. விலை வழியாக முடியாததை, பத்து வருடம் கழித்துக் காகிதத்தின் வழியாக முயன்றது. 1972-73 நியூஸ்பிரிண்ட் கொள்கையில் பெரிய பத்திரிகைகளுக்கு அதிகபட்சம் பத்து பக்கம் என்று எல்லை வைத்தார்கள். உன் கோட்டாவுக்குள்ளேயே பிரதியைக் குறைத்துப் பக்கத்தைக் கூட்டிக்கொள்கிறேன் என்றாலும் கூடாது. ஒரே உரிமையாளர் இரண்டு பத்திரிகை வைத்திருந்தால், ஒன்றின் காகிதத்தை மற்றதற்கு மாற்றக் கூடாது. கையிலுள்ள கோட்டாவில் புதுப் பத்திரிகையோ புதுப் பதிப்போ தொடங்கக் கூடாது. பத்து பக்கத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் 20 சதவீதம் கூட்டிக்கொள்ள அனுமதி.

'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வை நடத்தும் பென்னட் கோல்மன் நிறுவனமும் வேறு பெரிய பத்திரிகைகளும் வழக்குப் போட்டன. 1972 அக்டோபர் 30 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் பத்திரிகைகள் பக்கம் நின்றார்கள். காகிதம் குறைவு, எனவே அளந்து கொடுக்கலாம். அளந்து கொடுத்த பிறகு அதைப் பக்கமாக ஆக்குவதா பிரதியாக ஆக்குவதா என்பது பத்திரிகையின் விருப்பம். அதிலும் கை வைத்தால் அது காகிதத்தைக் கட்டுப்படுத்துவது ஆகாது, பத்திரிகையைக் கட்டுப்படுத்துவதுதான் என்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் ஏ.என். ரே. ஆறு மாதம் கழித்து, மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி இவரைத்தான் இந்திரா காந்தி அரசு தலைமை நீதிபதியாக்கியது. வரலாறு படிப்பவர்களுக்கு இப்படிப்பட்ட வேடிக்கைகள் நிறையக் கிடைக்கும்.

மாறுபட்டு எழுதியவர் கே.கே. மேத்யூ. பேசுகிறவரின் உரிமையை மட்டும் பார்த்தால் போதுமா, பல தரப்பையும் கேட்க மக்களுக்கு உள்ள உரிமை என்னாவது என்பது அவர் கேள்வி. அச்சகமும் காகிதமும் நாலைந்து பண முதலைகள் கையில் இருந்தால் மற்றவர் பேச்சு யாருக்குக் கேட்கும்? நான் சட்டம் படித்தவனல்ல, ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனவன். ஆனாலும் இந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியவில்லை. இன்றைக்குத் தொலைக்காட்சி அலைவரிசைகள் யார் யார் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் மேத்யூ சொன்னது இன்னும் உறைக்கிறது. இருந்தும் என் ஓட்டு பெரும்பான்மைக்குத்தான். காரணம், சின்னவரைக் காப்பாற்றுகிறேன் என்று அளவுகோலைக் கையில் எடுத்த அரசு, அடுத்த மூன்றே ஆண்டுகளில் என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த தெருவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். தணிக்கை வந்தது. 28-ம் தேதி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டு வந்தது. ஜூலை 1-ம் தேதி இருபது அம்சத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் ஓர் அம்சம், மாணவர்களுக்குக் கட்டுப்பாட்டு விலையில் புத்தகமும் எழுதுபொருளும்.

அப்போது நான் உயர்நிலைப் பள்ளி மாணவன். வெளியில் நோட்டு வாங்க முடியாத குடும்பங்களுக்கு அந்தச் சலுகைத் தாள் பெரிய உதவி, அதை மறுப்பது நன்றிகெட்டதனம். பக்கத்தைத் திருப்பினால் மறுபுறத்து எழுத்து தெரியும், ரப்பர் போட்டால் கிழியும். ஆனாலும் அந்தத் தாளில்தான் என் தலைமுறையின் ஏழைப் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள். எழுதவே காகிதம் இல்லாத பிள்ளைக்குச் சலுகைத் தாள் கொடுத்த கைதான் பத்திரிகைக்குப் பத்து பக்கம் என்று கோடு கிழித்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தது சுருக்கமாக. 1981-ல் இறக்குமதி நியூஸ்பிரிண்ட்டுக்கு 15 சதவீதச் சுங்க வரி போட்டார்கள். சின்னப் பத்திரிகைகளுக்கு விலக்கு. மறுபடி வழக்கு. 1984 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பத்திரிகைக்கு வரியே கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் வரி பத்திரிகையின் கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் போகக் கூடாது, ஆறு மாதத்துக்குள் மறுபரிசீலனை செய்யுங்கள் என்றது. அதே 1984-ல்தான் நம் கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆண்டுக்கு 90,000 டன் திறன். மூலப்பொருள் கரும்புச் சக்கை. சர்க்கரை ஆலைகள் சக்கையைத்தான் கொதிகலனில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. அதை வாங்கிக்கொண்டு, எரிக்க வேறு எரிபொருளுக்கு வழி செய்துகொடுத்தார்கள். மரத்தை வெட்டாமல் பத்திரிகைக் காகிதம்! அரசு காகித விஷயத்தில் செய்தவற்றில் எனக்கு முழு மனதோடு பிடித்தது இது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். கோட்டாவுக்காக டெல்லிக்கு நடந்த நடை நின்றது. பக்கங்கள் பெருகின, வண்ணம் வந்தது, ஞாயிற்றுக்கிழமை இணைப்புகள் வந்தன. 2019 பட்ஜெட்டில் நியூஸ்பிரிண்ட்டுக்கு மறுபடி 10 சதவீதச் சுங்க வரி வந்தது. பத்திரிகைகள் எல்லாம் எதிர்த்தன. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் அது 5 ஆனது.