வெடிமருந்துக் கிடங்கும் தீட்டும்

என் அம்மா இருபத்திரண்டு வருசம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவள். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். சாயங்காலம் ஆலை வேனிலிருந்து இறங்கி வரும்போது அலுமினியப் பவுடர் அப்பி அவள் கையெல்லாம் வெள்ளி மாதிரி மினுங்கும். ஓடிப்போய்க் கட்டிக்கப் பார்த்தால், "ஏ பிள்ள, தொடாத. தள்ளி நில்லு. மருந்து இருக்கு" என்பாள். குழாயடியில் தலைக்கு ஊற்றிச் சேலை மாற்றின பிறகுதான் தம்பியைத் தூக்குவாள்.

தொடாதே என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அவள் வாயில்தான். இரண்டாவது முறை கேட்டது ஊர்ப் பலசரக்குக் கடையில். காசைக் கையில் கொடுக்காதே, கீழே வை என்றார்கள். இரண்டும் ஒரே சொல் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதைச் சொல்ல வெடிமருந்துக் கிடங்குகளின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போய் வரவேண்டியிருக்கிறது.

பழைய கருமருந்து மூன்று பொருள்களின் கூட்டு. வெடியுப்பு நூற்றுக்கு 75, கரி 15, கந்தகம் 10 என்பது ஐரோப்பியப் படைகளில் நிலைபெற்ற கணக்கு. இந்தக் கூட்டுக்கு எதிரி இரண்டு. ஒன்று ஈரம், இன்னொன்று பொறி. ஈரம் பட்டால் கட்டிதட்டி உதவாமல் போகும். பொறி பட்டால் கிடங்கே இருக்காது. காய்ந்த நிலையில், பொறி படாமல் வைத்தால் பத்து இருபது வருசம் ஆனாலும் கெடாது. மருந்தை வைத்துக் காப்பது என்றால் இந்த இரண்டு எதிரிகளையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வெளியே நிறுத்துவதுதான்.

அதற்காகவே கிடங்கு கட்டும் கலை ஒன்று வளர்ந்தது. கனத்த சுவர். காற்று உள்ளே போகும், ஆனால் பொறி நேராகப் பாய முடியாதபடி வளைத்து வளைத்து விட்ட துவாரங்கள். மரப் பீப்பாய், அதற்கு இரும்புக்குப் பதில் மரத்தாலோ செம்பாலோ ஆன பட்டை. மருந்து அடியில் தங்கி இறுகாமலிருக்க அவ்வப்போது பீப்பாயைப் புரட்டி வைப்பார்கள். விளக்கு உள்ளே வராது. பக்கத்து நடையில் வைத்து, கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து வெளிச்சம் மட்டும் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் கோட்டைகளின் கிடங்குகளில் வாசலை ஒட்டி ஓர் உடை மாற்றும் அறை இருந்தது. அதன் குறுக்கே ஒரு தடுப்பு. தடுப்புக்கு இந்தப்புறம் அழுக்குப் பக்கம். அந்தப்புறம் சுத்தப் பக்கம். அவர்கள் வைத்த பெயரே அதுதான். அழுக்குப் பக்கத்தில் பூட்ஸ், மேலாடை, சட்டைப் பையில் உள்ள இரும்புச் சாமான் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தடுப்பைத் தாண்டி, ஆணி இல்லாத செருப்பும் வேறு உடையும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

முதல்முறை இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுத்தம், அழுக்கு, தாண்டக்கூடாத கோடு, கழற்றவேண்டிய செருப்பு. நம்ம ஊரில் இதெல்லாம் எதற்கு என்று நமக்குத் தெரியும். ஊர்த்தெருவில் நடக்கும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தானே நாம்!

ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். மருந்துக் கிடங்கின் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது. பூட்ஸ் ஆணி கல்லில் உரசினால் பொறி வரும். செருப்பில் ஒட்டிய மணல் மருந்தில் கலந்தால் உராயும். காரணம் இருப்பதால் அந்தக் கோட்டுக்கு ஆள் பேதம் கிடையாது. கேப்டனும் கழற்றவேண்டும், பீப்பாய் சுமக்கிற கூலியும் கழற்றவேண்டும். கேப்டனின் பிறப்பு உயர்ந்தது என்பதற்காக அவன் பூட்ஸ் ஆணி பொறி கக்காமல் இருந்துவிடாது. வேலை முடிந்து வெளியே வந்து உடை மாற்றினால் கோடு அத்தோடு சரி. அது யாருடைய பிறப்பிலும் ஒட்டிக்கொண்டு வராது. சாதிக் கோட்டுக்குக் காரணமும் இல்லை, கழற்றிவைக்க ஒரு பக்கமும் இல்லை. அது ஒருத்தரை மட்டும் நிறுத்தி இன்னொருத்தரைப் போகவிடுகிற கோடு.

அந்தக் கிடங்குகளில் வேலை பார்த்தது யார்? வெடியுப்பு பெருமளவு பீகாரிலிருந்து போனது. பழைய மண்சுவர், மாட்டுத் தொழுவம் இவற்றின் உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தவர்கள் நூனியா என்ற உழைக்கும் சாதியினர். கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூரில் கம்பெனியின் மருந்தாலை 1791இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஐரோப்பியப் போர்க்களங்களில் வெடித்த மருந்தில்கூட பீகார் மண் இருந்தது. மண் சுரண்டியவனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

பெயரில்லாத இன்னொருவனைப் பற்றியும் சொல்லவேண்டும். 1857 ஜனவரியில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில், மருந்துக் கிடங்கில் வேலை செய்த தாழ்த்தப்பட்ட சாதி கலாசி ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயிடம் அவன் சொம்பிலிருந்து தண்ணீர் கேட்கிறான். தீட்டாகிவிடும் என்று சிப்பாய் மறுக்கிறான். கலாசி சொல்கிறான்: இன்னும் கொஞ்ச நாளில் பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப் போகிறாய், அப்போது உன் சாதி எங்கே போகும்? ஜனவரி 22 அன்று கேப்டன் ரைட் என்ற அதிகாரி மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. பின்னால் வந்த தலித் வரலாற்று எழுத்துகள் அவனுக்கு மாதாதீன் பங்கி என்று பெயர் கொடுத்தன.

பாடப்புத்தகம் இதை ஒரு வதந்தி கிளம்பிய கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விடும. நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். அக்காலத் தோட்டா என்பது ஒரு தடவை சுடுவதற்கான மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுருட்டிய பொட்டலம். அதை உருட்டுகிற இடத்தில் இருந்தவனுக்குத் தெரியும் அதன் உள்ளே என்ன, வெளியே என்ன என்று. வாயில் வைத்துக் கடிக்கப்போகிற சிப்பாய்க்குத் தெரியாது. அறிவு தீண்டப்படாதவன் பக்கம் இருந்தது, தண்ணீர்ச் சொம்பு தீண்டாதவன் கையில் இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் தராத சாதிமேல் அவன் எறிந்தது தன் தொழிலறிவை.

அதே வருசம் மே 11ஆம் தேதி டெல்லி ஆயுதக் கிடங்கை, கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போகாதபடி, லெப்டினன்ட் வில்லோபியும் கூட இருந்த எட்டு ஆங்கிலேயர்களும் வெடிக்கவைத்தார்கள். அந்த ஒன்பது பேரின் பெயரும் கிடங்கின் வாசலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. மூன்று பேருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. டம்டம் கலாசிக்குக் கிடைத்தது ஒரு அதிகாரியின் கடிதத்தில் இரண்டு வரி.

இனி நம் மண்ணுக்கு வருவோம். தலித் மக்கள் நினைவில் போற்றும் வீரர்களில் குயிலியும் சுந்தரலிங்கமும் வெடிமருந்துக் கிடங்கில்தான் உயிர்விட்டதாகச் சொல்கிறோம். 1780இல் வேலுநாச்சியாரின் படையில் இருந்த குயிலி, விஜயதசமிக்குச் சிவகங்கை அரண்மனைக் கோயிலுக்கு வந்த பெண்களோடு பெண்ணாக நுழைந்து, உடம்பில் நெய் ஊற்றித் தீவைத்துக்கொண்டு கிடங்கில் குதித்தாள் என்பது வழக்கு. அருந்ததிய மக்கள் அவளைத் தங்கள் மகள் என்கிறார்கள். 1799இல் கட்டபொம்மனின் தளபதி கவர்னகிரி சுந்தரலிங்கமும் வடிவும் கும்பினியாரின் கிடங்கைத் தகர்த்து மடிந்தார்கள் என்பது இன்னொரு வழக்கு. தேவேந்திரர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

ஆவணம் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். எழுதும் உரிமையைப் பூட்டி வைத்திருந்தவர்களே சாவியைத் தொலைத்தது யார் என்று கேட்பது போலத்தான் இருக்கிறது. எனக்கு இருக்கிற சங்கடம் வேறு. அது நம் மேடைகளோடு. நம் சுவரொட்டிகளில் குயிலி எரிகிறாள். சுந்தரலிங்கம் எரிகிறார். அரசிக்காக, பாளையக்காரருக்காக எரிகிற விசுவாசமான உடம்புகளாக மட்டும் அவர்களை நிறுத்திவிட்டோம். அரசியின் வரலாறு ஆட்சி, நம் வரலாறு தற்கொலை என்று பங்குபிரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதா?

கதையைத் திரும்பக் கேளுங்கள். கிடங்குக்குள் விளக்கும் பந்தமும் கொண்டுபோக முடியாது. காவல் இருக்கும், சோதனை இருக்கும். நெருப்பு எப்படி உள்ளே போகும் என்ற கேள்விக்குக் குயிலியின் கதை சொல்லும் விடை, அவள் உடம்பே நெருப்பாகப் போனது என்பது. மருந்து எங்கே இருக்கிறது, என்றைக்கு வாசல் திறக்கும், யாரைச் சோதிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஒருத்தியின் திட்டம் அந்தக் கதைக்குள் இருக்கிறது. அவள் உளவறிந்தவள், படைத்தொழில் தெரிந்தவள். சுந்தரலிங்கத்தைத் தளபதி என்று சொல்லிவிட்டு அவருடைய போர் அறிவைப் பற்றி ஒரு வரி பேசாமல் சாவை மட்டும் பாடுகிறோம். தியாகத்தைப் பாடுவது சுலபம். அறிவை ஒத்துக்கொள்வதுதான் ஆதிக்கச் சாதிக்கு வலிக்கும்.

வலித்ததை நானே பார்த்திருக்கிறேன். 1997இல் எனக்கு எட்டு வயது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். தென்மாவட்டங்களில் கலவரம். வீடு எரிந்தது, ஆள் செத்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. ஒரு பெயர் தீட்டு என்பதற்காக எல்லாப் பெயரும் போனது. இருநூறு வருசத்துக்கு முந்தின கிடங்கில் செத்தவரின் பெயரைத் தகரத்தில் பெயிண்டால் எழுதினால்கூட அவர்களுக்குத் தொட முடியவில்லை.

அம்மாவின் ஆலைக்கு வருகிறேன். மருந்தறைக்கென்று விதிகள் உண்டு. 1884இன் வெடிபொருள் சட்டமும் 2008இன் வெடிபொருள் விதிகளும் கையில் இருக்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது. பருத்தித் துணிதான் உடுத்தவேண்டும். இரும்புச் சாமான் ஆகாது. அன்றன்றைக்குத் தேவையான மருந்தை மட்டும் கலக்கவேண்டும், கலந்ததை ராத்திரிக்கு மிச்சம் வைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதி உயிர் விதி. அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவை ஈரத்தில் சூடேறும். பூட்டின அறையில் யாரும் தொடாமலே அது வேலை செய்துகொண்டிருக்கும். காலையில் முதலில் கை வைக்கிறவள் செத்தாள்.

இதெல்லாம் அம்மாவுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் செத்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். சீசனில் ஆர்டர் முட்டும்போது நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் எட்டுப் பேரை உட்காரவைப்பார்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் கையும் வேகமாக ஓடவேண்டும். மிச்ச மருந்து மூலையில் கிடக்கும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பத்திரிகையில் ஒரே வார்த்தை வரும்: உராய்வு. மருந்து உராய்ந்தது என்று எழுதுவார்கள். கூலியும் லாபமும் உராய்ந்ததை எழுதமாட்டார்கள்.

ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், செருப்பில்லாமல் அத்தனை வருசம் அந்த அறையில் நின்றது கஷ்டமாக இல்லையா என்று. "செருப்பில்லாம நடக்குறது நமக்கென்ன புதுசா?" என்று சிரித்தாள். அப்புறம் சொன்னாள்: "ஆனா ஒண்ணு. மருந்து ரூமுக்கு மொதலாளி வந்தாலும் செருப்பக் கழத்திட்டுத்தான் வரணும். அந்த ஒரு எடத்துலதான் அவுகளும் நாமளும் ஒண்ணு. அதனாலதான் அவுக அந்தப் பக்கமே வர்றதில்ல."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் டம்டம்முக்கும் டெல்லிக்கும் போய்வந்தேன். காரணமுள்ள கோட்டை எல்லார்மேலும் போடு, காரணமில்லாத கோட்டை அழி. இதுதான் நம் கோரிக்கை. அடுத்த வருசம் குயிலிக்கும் சுந்தரலிங்கத்துக்கும் மாலை போடும்போது, மருந்தறைகளில் கருகிப்போன நம் பெண்களின் பெயர்களையும் அதே மேடையில் வாசிப்போம். அவர்கள் தியாகிகள் அல்ல. சாவதற்கு அவர்கள் அந்த அறைக்குப் போகவில்லை. தொழில் தெரிந்தவர்கள், விதி தெரிந்தவர்கள். அந்த விதியை மீறவைத்தது யார் என்று கேட்பதிலிருந்து நம் வரலாற்றை எழுதத் தொடங்குவோம்.