பரண் கணக்கும் பர்மா கணக்கும்

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்தப் பதிவு பாதி புரியும். காரைக்குடிப் பக்கத்து மக்களுக்கு மீதி புரியும் :-)

எங்க ஐயா ரங்கூன்ல ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா இருந்தவர். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, நிலம்னு அவர் எழுதின ஐந்தொகை நகல் ஒண்ணு இன்னும் வீட்டுப் பரண்ல கிடக்கு. போன வாரம்தான் தூசி தட்டினேன். காரணம், ஆபீஸ்ல வாங்கின அடி.

என் நிரல் ஒரு கணக்கைப் படிக்குது. இருப்பு 1000. அதில் 200 கழிச்சு எழுதப் போகும்போது, இன்னொரு பரிவர்த்தனையோட முட்டிக்கிட்டு டெட்லாக். டேட்டாபேஸ் சமத்தா ரோல்பேக் பண்ணி 1000க்கே திரும்பிடுச்சு. ஆனா கேஷில் (காசு இல்லீங்க, நினைவகத்துல வெச்சிருக்கிற நகல்) இருந்தது 800! மறுபடி முயற்சி பண்ணச் சொல்லி நான் எழுதியிருந்த வளையம், அந்த 800ல இருந்து இன்னொரு 200ஐக் கழிச்சு 600னு எழுதிடுச்சு. பிழைச்செய்தி எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் கத்தினப்புறம்தான் தெரிஞ்சது.

இது பழைய வியாதி. குங், ராபின்சன் ரெண்டு பேரும் 1981லேயே இதுக்கு வழி எழுதிட்டாங்க: மாற்றங்களைத் தனி நகலில் செய், கடைசியில் சரிபார், மோதல்னா நகலைக் கடாசிட்டு மறுபடி படிக்கிறதுல இருந்து ஆரம்பி. 2001ல வந்த ஹைபர்னேட்டோட கையேடும், பிழை வந்தா அந்த செஷனையே தூக்கிப் போடுன்னுதான் சொல்லுது. நான் கையேடு படிக்கிற ரகம் இல்ல.

பர்மாவுக்கு வர்றேன். கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாதவர்களின் அடமான நிலமெல்லாம் வந்து சேர, 1938ல் அது 25 சதவீதம். விரும்பி வாங்கினதில்லை, வந்து விழுந்தது. 1942ல ஜப்பான் படை வந்ததும் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்தாங்க. ஐயா கூட வந்தது இந்தக் கட்டு மட்டும்தான். யுத்தம் முடிஞ்சு, பழைய கணக்கை வெச்சே தொழிலைத் திரும்ப ஆரம்பிக்கலாம்னு போனவங்க உண்டு. ஆனா 1948ல அங்கே நில தேசியமயச் சட்டம் வந்துடுச்சு. இங்கே பரண்ல ஏக்கர் கணக்கு அப்படியே இருக்கு. அங்கே மூலத்துல பேரே மாறிப்போச்சு.

என் நிரலில் திருத்தம் ரெண்டே வரி. மறுமுயற்சிக்கு முன்னாடி நகலைக் காலி பண்ணு, இருப்பைத் திரும்பப் படி. வாடிக்கையாளரோட 200 ரூபாயும் போய்ச் சேர்ந்துடுச்சு.

ஐயா மட்டும் கடைசி வரைக்கும் அந்தக் கட்டைத் தூக்கிப் போடலை. நானும் பரணுக்கே ஏத்திட்டேன்.