மரணப் பதிவேட்டில் நம் முன்னோர்

நிலச் சிக்கலோடு நம் சங்கத்தை நாடி வருகின்ற பெரியோர் பலரும் கடைசியில் ஒரே இடத்தில் தடைப்பட்டு நிற்கின்றனர். வெள்ளையர் ஆட்சியில் பாட்டனார்க்கு ஒப்படை செய்யப்பட்ட நிலம் இன்று வேறொருவர் அனுபவத்தில் இருக்கும். மனுக் கொடுத்தால், "ஒப்படை பெற்றவர் என்று இறந்தார்? அவருடைய மகன் என்று இறந்தார்? சான்று எங்கே?" என்று தாலுகா அலுவலகத்தில் கேட்பார்கள். வாரிசுச் சான்று வேண்டுமாயின் இறப்புச் சான்று வேண்டும். ஒரு தலைமுறைக்கு அது இல்லையென்றாலும் சங்கிலி அறுந்துபோகும். எனவே, செத்தவர் கணக்கு நமக்கு வெறும் பழங்கதையன்று.

அந்நிலங்களின் வரலாற்றை இளைஞர் பலர் கேட்டிருப்பர். செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையைக் குறித்து 1891ஆம் ஆண்டு அரசுக்கு விரிவான குறிப்பொன்றை அனுப்பினார். அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. அவ்வாறு தரப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பத்தாண்டுகள் வரை விற்கவோ தானம் செய்யவோ கூடாது, அதன் பின்னரும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கே தரலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை தாளில் இருந்தது, நிலம் கைமாறிற்று. அந்நிலங்களை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர்.

இனி, பதிவேட்டின் கதைக்கு வருவோம். சென்னை மாகாணக் கிராமங்களில் பிறப்பு, இறப்புகளை எழுதி வைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்பட்டுவிட்டது. 1899ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் அதற்குச் சட்ட உருவம் கொடுத்தது. எழுதியவர் கிராம முன்சீப். பரம்பரையாக அப்பதவியை வகித்தவர். பெரும்பாலும் ஊரின் மேல்சாதிக்காரர். சேரிக்குள் கால் வைக்காதவர். அப்படியாயின், சேரியில் நேர்ந்த சாவு அவர் ஏட்டில் ஏறியது எவ்வாறு? வெட்டியான் சென்று சொல்வான். முன்சீப் வீட்டுத் திண்ணைக்குக் கீழே, எட்ட நின்று, யார் செத்தார், எதனால் செத்தார் என்று அவன் சொல்ல, அவர் எழுதுவார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒருவனுடைய வாய்மொழியே இன்று அரசாங்கத்தின் சாட்சியப் பத்திரமாக நிற்கிறது என்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மவர் நால்வர் ஐவர் பெயர் ஓர் ஏட்டில் இருக்கிறதென்றால், அது பெரும்பாலும் நம்மவன் ஒருவன் நடந்து சென்று சொன்னதனால் இருக்கிறது.

என் தந்தையைப் பெற்ற பாட்டனார் அத்தகைய வெட்டியான்களுள் ஒருவர். அவர் "தாது வருஷம் புரட்டாசியில்" மறைந்தார் என்று பாட்டியார் சொல்வார். அவருடைய இறப்புப் பதிவைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு நான் சென்றபோது, அங்கிருந்த எழுத்தர், "தாது வருஷம் என்றால் பெரும்பஞ்சம் வந்த வருஷமாயிற்றே, அவ்வளவு பழைய கட்டு இங்கே இல்லை" என்று திருப்பியனுப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. பஞ்சம் கடுமையாகத் தொடங்கிய தாது 1876-77. ஆனால் தமிழ் வருடங்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. அடுத்த தாது 1936-37. ஆகவே நான் தேட வேண்டியது 1936 செப்டம்பர், அக்டோபர் மாதங்களை. இதை அவருக்கு விளக்கி, மனுவை மாற்றி எழுதி, தேடுதல் கட்டணம் செலுத்தி, மூன்று முறை நடந்த பின்னர் அக்கட்டு வெளியே வந்தது. ஓரமெல்லாம் கரையான் அரித்திருந்தது.

பாட்டனார் பெயர் அதில் இல்லை. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது வேறொன்று. ஆகஸ்டு வரை எங்கள் சேரிச் சாவுகள் மாதத்துக்கு ஒன்றிரண்டாக எழுதப்பட்டிருந்தன. செப்டம்பர் நடுவிலிருந்து சனவரி வரை ஒன்றுகூட இல்லை. ஊரார் சாவுகள் மட்டும் வரிசை தவறாமல் இருந்தன. சனவரிக்குப் பின் மீண்டும் நம்மவர் பெயர்கள் வருகின்றன. அந்த நான்கு மாதங்களில் வாந்திபேதி வந்து சேரியில் குடும்பம் குடும்பமாகப் போயிற்று என்பது பாட்டியார் வாக்கு. சென்று சொல்ல ஆளில்லை. புதிய வெட்டியான் அமர்த்தப்படும் வரை எங்கள் சேரியில் எவரும் சாகவில்லை என்பதே பதிவேட்டின் கூற்று.

எனவே பதிவேட்டில் இல்லாதவர் இறக்காதவர் ஆகார். பெரும்பஞ்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1871ஆம் ஆண்டுக் கணக்கைவிட 1881ஆம் ஆண்டுக் கணக்கில் சென்னை மாகாண மக்கள் தொகை குறைந்து நின்றது. சாவுப் பதிவுகளோ அக்குறைவை முழுதும் விளக்கப் போதாதவை. பதிவில் உள்ள காரணங்களையும் அப்படியே நம்பிவிடலாகாது. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், சீதபேதி, காயம், பிற என்பன போன்ற தலைப்புகளே வழக்கமாக இருந்தன. பசி என்று ஒரு தலைப்பு இல்லை. 1918ஆம் ஆண்டின் இன்புளுயன்சாச் சாவுகளும் பெரும்பாலும் "காய்ச்சல்" என்றே எழுதப்பட்டன. காய்ச்சல் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பட்டினி புதைந்திருக்கிறதோ!

தேடுகிறவர் சாதிப் பெயரிலும் விழிப்பாக இருத்தல் வேண்டும். எம்.சி. ராஜா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, 1922 மார்ச்சு 25ஆம் நாள் ஆணையால் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஏடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆகவே ஒரே குடும்பத்தில் தந்தை ஒரு பெயராலும் மகன் வேறொரு பெயராலும் குறிக்கப்பட்டிருக்கலாம். இதைக் காட்டியே "இருவரும் ஒரே குடும்பமல்ல" என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. அப்பொழுது அந்த ஆணையை எடுத்துக் காட்டுக. பெண்கள் பலர்க்குப் பெயரே இராது. "முனியன் பெண்சாதி" என்றிருக்கும். நில ஏடுகள் பசலி ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1302 என்பது 1892 சூலையில் தொடங்கியது.

கிராம ஏட்டில் கிடைக்காதவர் வேறிடத்தில் கிடைப்பதும் உண்டு. கிறித்தவராயிருந்த குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேடு பெருந்துணை. வட ஆர்க்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய் மடிந்தவர்களின் சாவு சொந்த ஊரில் இராது. அது பழைய மைசூர் சீமையின் பதிவு. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறியவர்களின் பட்டியல்களில் தந்தை பெயர், சாதி, ஊர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. ஊரை விட்டு ஓடியவனுக்குக் கரும்புத் தோட்டக்காரன் எழுதி வைத்த அளவுக்கு ஊரிலிருந்தவனுக்கு எழுதி வைக்கப்படவில்லை.

பரம்பரைக் கிராம அதிகாரிகள் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். பழைய ஏடுகள் தாலுகா அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ இருத்தல் கூடும். இரண்டிலும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் வாயாலேயே "இல்லை" என்று விடை வரும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 17ஆம் பிரிவில், எவரும் பதிவேட்டைத் தேடச் செய்யவும் நகல் பெறவும் உரிமை தருகிறது. நகலில் சாவின் காரணம் மட்டும் வெளியிடப்படாது. ஏடு தேடியும் கிடைக்கவில்லையெனில், பதிவு இல்லை என்பதற்கான சான்றைக் கையொப்பத்தோடு கேட்டுப் பெறுக. தாமதப் பதிவுக்கு அதுவே முதற்படி. ஓராண்டு கடந்த சாவைப் பதிய முன்னர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டியிருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வதிகாரத்தை மாவட்ட நடுவர், கோட்ட நடுவர் முதலிய நிர்வாகத்துறையினர்க்கு மாற்றியுள்ளது.

என் பாட்டனார்க்கு "இல்லை" என்ற சான்றுதான் கிடைத்தது. அதனோடு, அந்த நான்கு மாதங்களின் பக்கங்களுக்கும் நகல் வாங்கி இணைத்தேன். அவற்றில் சேரிச் சாவு ஒன்றுகூட இல்லாமையே அவருக்குச் சாட்சி. விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை. அந்த மனுவின் படியொன்று சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். வேண்டுவோர் பார்த்தெழுதிக் கொள்ளலாம். வரும்பொழுது வீட்டு முதியோரிடம் வருடப் பெயரையும் மாதத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.