கூட்டத்தைக் கட்டுவது எது?



ஒரே தொழிலைச் செய்வோர் சேர்ந்து அமைக்கும் கூட்டம் எத்துணைக் காலம் நிலைத்து நிற்கும்? இவ்வினாவுக்கு மலையகத் தோட்டங்களின் வரலாற்றில் விடை உண்டு.

கோப்பிக் காலத்திலும், பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து தொழிலாளர் ஊரும் உறவுமாகக் கங்காணியின் பின்னே திரண்டு வந்தனர். அக்கூட்டத்தைக் கட்டியது முன்பணக் கடன். கடன் தொகை எழுதிய 'துண்டு' இன்றி ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போதல் அரிது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அஃது அசையாத கட்டாகத் தோன்றியது. ஆயின் 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தபின், பெரிய கங்காணியின் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது.

அடுத்து வந்தது சங்கம். கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். 1939இல் பிறந்த இலங்கை இந்தியர் காங்கிரஸின் தொழிற்சங்கம் 1950இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. இடையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956இல் தொண்டமானும் அஸீஸும் பிரிந்தனர், சங்கம் இரண்டாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. இத்தனை அடிகளையும் தாங்கிச் சங்க வாழ்வு நிலைத்தது. மேலிடத்தார் பிளவுபட்டாலும், தோட்டத் தலைவர் மறுநாட் காலையிலும் தம் தொழிலாளரோடு பிரட்டுக்களத்தில் நின்றார் அன்றோ? விரும்பிச் சேர்ந்தோரின் கட்டு அத்தகையது.

ஆயினும், நிலைத்திருத்தல் யாவும் நலமெனக் கொள்ளலாகாது. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தத் தோட்டத்தை நினைமின். அங்கே மண் சரியும் என 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஆனால் லயமும் நிலமும் தோட்டத்துக்கு உரியவை. பெயர்ந்து செல்லச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் மக்களுக்கு இல்லை. 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உயிர் தப்பியோர்க்குப் பின்னர் பூனாகலைப் பக்கம் மக்கல்தெனியவில் வீடுகள் எழுந்தன.

தலைமுறை தலைமுறையாக அம்மக்களை ஓரிடத்தில் இருத்தியதில் உறவின் பங்கும் உண்டு. போக்கிடமின்மையின் பங்கும் உண்டு. ஆகவே, ஒரு கூட்டம் நீடித்து நிற்பதைக் கண்டு மகிழுமுன், அதன் உறுப்பினர்க்கு விலகிச் செல்லும் வழி உண்டா எனக் கேட்பது நம் கடமை. வழியிருந்தும் பிரியாத கூட்டமே உறுதியான கூட்டம். காணியுரிமை கோரி மலையகத்தார் இன்றும் எழுப்பும் குரலின் பொருளும் இதுவே.