மூன்று மைல் எல்லை

இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பிள்ளைகளுக்கு இலவச வண்டியைத் தீர்மானிக்கும் மூன்று மைல் அளவு, முதலில் வண்டிக்காக வகுக்கப்பட்டதன்று. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாத தந்தைக்கு 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தந்த சாட்டு அது. மூன்று மைலுக்கு மேற்படாது உள்ளூர் விதி குறித்த தூரத்துள் பாடசாலை இல்லையெனில் அவன் குற்றவாளியல்லன். 1944ஆம் ஆண்டுச் சட்டம், எட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு 2 மைல், மூத்தோர்க்கு 3 மைல் என வகுத்தது. அதற்கப்பால் வண்டி கொடாத அதிகாரிகள் பெற்றாரைத் தண்டித்தல் இயலாதாயிற்று. சாட்டு உரிமையாக மாறிற்று.

பெற்றார் விருப்பத்தையும் அச்சட்டம் மதித்தது. ஆனால் வீண்செலவு நேராத அளவுக்கே. தூரத்துப் பாடசாலையை விரும்பும் பண்ணைக் கூலியாளுக்கு அந்த நிபந்தனையே பெரும் மதில்.

1980இல் வந்த மசோதா விசித்திரமானது. பாடசாலையைத் தெரிந்தெடுக்கும் உரிமையை ஒரு கையால் நீட்டி, வண்டிக்குக் கட்டணம் அறவிடும் அதிகாரத்தை மறுகையால் தேடியது. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆக்கிய பட்லர் பிரபுவே, கத்தோலிக்கரான நோர்போக் கோமகனோடு நின்று தம் கட்சி அரசாங்கத்தை எதிர்த்தார். பிரபுக்கள் சபையில் அக்கட்டணப் பிரிவு தோற்றது.

அதே சபையின் நீதிபதிகள் 1986இல் எசெக்ஸ் மாகாண வழக்கொன்றில் வேறு முகம் காட்டினர். துணையோடு ஓரளவு பாதுகாப்பாக நடக்கக்கூடிய ஒற்றையடிப் பாதையும் வழியே என்றனர். துணைக்குப் போவது யார் என்பது கூலிவேலைக்குச் செல்லும் தாயின் கவலையாயிற்று.

2006ஆம் ஆண்டுச் சட்டமே, வறிய குடும்பத்துப் பதினொரு வயதுப் பிள்ளைக்கு, 2 முதல் 6 மைல் தூரத்துள் அமைந்த மிக அண்மையான மூன்று பாடசாலைகளுள் ஒன்றுக்குச் செல்ல இலவச வண்டியை வழங்கியது.