புளித்துப் போன படச்சுருள்கள்

'ரெசிடென்சி'ன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு. ஓவியர், திரைப்படக்காரர் யாரையாவது சில மாதம் ஒரு ஊரில் தங்கவைத்து, அங்குள்ள ஆவணக் காப்பகத்தைத் திறந்து விடுவார்கள். காலனி காலத்துப் படங்களைக் கிளறி ஏதாவது புதுசாச் செய்யுங்கன்னு சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனா பெரும்பாலான காப்பகங்களில் இருப்பது வெள்ளைக்காரன் எடுத்த படம். அடிமைப்பட்டவன் தன்னைத்தானே எடுத்த படம் எங்கேன்னு எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி.

அதற்குப் பதில் மேற்கு ஆப்பிரிக்காவில், கினி-பிசாவு என்ற குட்டி நாட்டில் இருக்கு.

போர்ச்சுகலுக்கு எதிராக அங்கே ஆயுதப் போராட்டம் தொடங்கியது 1963-ல். தலைவர் அமில்கார் கப்ரால், படிப்பால் வேளாண் பொறியாளர். ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம்ம போராட்டத்தை நம்ம ஆளுங்களே படம் பிடிக்கணும்னு நினைத்த மனுஷன், 1967-ல் நாலு இளைஞர்களை கியூபாவுக்கு சினிமா படிக்க அனுப்பினார். சனா நா ந்'ஹாடா, ஃப்ளோரா கோமஸ், ஜோசே போலாமா, ஜோசஃபினா கிராட்டோ. சண்டைக்கு நடுவில் துப்பாக்கி பிடிக்க ஆள் தேவைப்படும்போது கேமரா பிடிக்க ஆள் அனுப்புவதென்றால் சும்மாவா?

திரும்பி வந்து காட்டுக்குள் படம் எடுத்தார்கள். 1973 ஜனவரி 20-ல் கப்ரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே வருஷம் செப்டம்பர் 24-ல் சுதந்திரப் பிரகடனம். அவர் அனுப்பிய பசங்க அதைப் படம் பிடித்தார்கள். பார்க்க அவர்தான் இல்லை.

விடுதலைக்குப் பிறகு தேசிய சினிமா நிறுவனம் ஒன்று வந்தது. பணம் இல்லை, ஏசி இல்லை. 1998-99 உள்நாட்டுப் போரில் காப்பகமும் அடி வாங்கியது. அசிடேட் ஃபிலிம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் சிதைந்து, வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிக்கும். அந்த வாடை வந்தாச்சுன்னா சுருளுக்கு நாள் எண்ண ஆரம்பிக்கலாம்.

இங்கேதான் ஃபிலிப்பா சேசர் வருகிறார். போர்ச்சுகல்காரர், பெர்லினில் வசிக்கும் கலைஞர். பெர்லினின் ஆர்செனல் திரைப்பட நிறுவனம் 'லிவிங் ஆர்க்கைவ்' என்ற திட்டத்தில் கலைஞர்களையும் ஆய்வாளர்களையும் கூப்பிட்டுத் தன் சேமிப்பைத் திறந்துவிட்டிருந்த நேரம் அது. பிசாவுவில் எஞ்சிய சுருள்கள் அங்கே போய் 2012-ல் டிஜிட்டலாயின.

ஆண்ட நாட்டுப் பெண், ஐரோப்பாவில் ஆய்வுக்கூடம். திரும்பவும் பழைய கதைதானேன்னு தோணுதில்ல? எனக்கும் தோணிச்சு. ஆனா அடுத்து நடந்ததுதான் விஷயம். பல சுருள்களுக்குச் சத்தமே கிடையாது. அந்த ஊமைப் படங்களுக்குக் கலைஞர் தானாக ஒரு கதை எழுதி ஒட்டவில்லை. 2014-ல் நடமாடும் சினிமாவாக கினி-பிசாவுவின் ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். படம் ஓட ஓட, எடுத்தவர்களே பக்கத்தில் நின்று பேசினார்கள். ஜனங்களும் பேசினார்கள். இந்தப் பயணமெல்லாம் சேர்ந்து 2017-ல் 'ஸ்பெல் ரீல்' என்ற படமானது. 2023-ல் வந்த 'நோமே' என்ற தன் கதைப்படத்தில் சனா நா ந்'ஹாடா அந்தப் பழைய காட்சிகளை எடுத்துச் சேர்த்தார். காப்பகம் சொந்தக்காரன் கைக்கே திரும்பி வந்ததுன்னு வைங்களேன்.

எனக்குப் புரிந்தது இதுதான். ஸ்கேன் பண்ணினால் படம் பிழைக்கும், அவ்வளவுதான். அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த நாள் என்று சொல்ல உயிரோடு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் போய்ட்டா, பாக்கி எல்லாம் வெறும் முகம். அவர் இருக்கும்போதே படத்தையும் அவரையும் ஒரே இடத்தில் நிறுத்துகிற ரெசிடென்சிதான் உருப்படியான ரெசிடென்சி.

நம்ம கதை இன்னும் மோசம். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படம். இன்று ஒரு பிரதிகூடக் கிடையாது. அதைப் பார்த்தவர்களும் போய்ச் சேர்ந்தாச்சு.

உங்க வீட்டுப் பரணில் பழைய குரூப் போட்டோ கிடந்தா இந்த வாரமே இறக்குங்க. தாத்தா பாட்டிகிட்ட காட்டி, யார் யார்னு கேட்டு, பின்பக்கம் பென்சிலால் எழுதி வைங்க. ஸ்கேன் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.